உப்புக் காற்றும் மிகுனி கார்புரேட்டரும்

அப்பா ஓட்டிய 1991 யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் விட்டால், அணைந்துகொண்டே இருந்தது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் மிகுனி கார்புரேட்டரைக் கழற்றினேன். பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி, ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையுள்ள பைலட் ஜெட்டில் பச்சைக் களிம்பு. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ராமேஸ்வரம் பக்கம் எங்கள் மண்டபம் ஊரின் உப்புக் காற்றில் வண்டி ஓடாமல் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

"பேசாம புதுசு மாத்திடு தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை. புதுசு என்று டூப்ளிகேட் மாட்டினால், அதில் பல நேரம் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு லொடலொடவென்று ஆடும், காற்று கூடுதலாகப் போகும். இது மாதிரி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடேறி பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

ஜெட்டுக்குள் கம்பி விடவே கூடாது, துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்து, பஞ்சர் கடைக் காற்றால் ஊதினேன். கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வும் கேஸ்கெட்டும் மட்டும் புதிது. ஐட்லிங்கில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை மென்மையாக மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அப்புறம் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் சரிசெய்தேன்.

இப்போது பாம்பன் சாலைப் பாலத்தில் நான்காவது கியரிலேயே ஏறுகிறது. ஸ்பார்க் பிளக்கும் நல்ல பிஸ்கட் நிறம், கலவை சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.