கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

சார் இறந்து ஒரு மாதம் கழித்துக் கிருஷ்ணகிரியில் படத்திறப்பு வைத்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ். 'குழந்தைகளின் காவல் தெய்வமே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சார் உயிரோடு இருந்திருந்தால் சதுர அடி என்ன விலை என்று விசாரித்து, அந்தக் காசுக்கு எத்தனை ஜோடி செருப்பு வரும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

அவர் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தபோது, 2014-இல், நான் களப்பணியாளராகச் சேர்ந்தேன். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் விஷயத்தில் முடிவெடுக்கும் குழு அது. சமூகப்பணி படித்துவிட்டு வந்த புதுசு. குழந்தையின் வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுதுவது என் வேலை. சமூக விசாரணை அறிக்கை. நாங்கள் எஸ்.ஐ.ஆர். என்போம். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் எல்லாரும் வாக்காளர் பட்டியலைப் பற்றிக் கேட்கிறார்கள்.

என் முதல் அறிக்கை அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் பள்ளியிலிருந்து நின்றுவிட்ட ஒரு பெண்ணைப் பற்றியது. நாலு பக்கம். 'காரணம்: வறுமை, பெற்றோரின் அறியாமை' என்று முடித்திருந்தேன். சார் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். பிறகு ஒரே கேள்வி.

"அந்த ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கும்மா?"

எனக்குத் தெரியவில்லை.

"போய்க் கேட்டுட்டு வா."

தேன்கனிக்கோட்டை வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து காட்டுப்பாதையில் இன்னொரு பஸ். வழி முழுக்க அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். அந்தப் பெண்ணின் அப்பா திண்ணையில் உட்கார்ந்து ராகி புடைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். ஊரில் பள்ளி எட்டாவது வரைதான். ஒன்பதாவதுக்குக் கீழே இறங்க வேண்டும். மேலே வரும் பஸ் நாலு மணிக்குக் கிளம்பிவிடும். பள்ளி விடுவது அதற்கு அப்புறம். அதை விட்டால் நடைதான். பொழுது சாய்ந்தால் அந்தப் பாதையில் யானை நடமாட்டம். "வயசுக்கு வந்த புள்ளைய எப்படிம்மா அனுப்பறது? வீட்லயும் எத்தினி நாளு சும்மா வெச்சிருக்கறது?" என்றார். அறியாமை என்று நான் எழுதிய மனிதருக்கு பஸ் நேரம் நிமிஷக் கணக்கில் தெரிந்திருந்தது.

அறிக்கையை முதலிலிருந்து எழுதினேன். சார் அந்தப் பெண்ணை விடுதியில் தங்கிப் படிக்க அனுப்பச் சொன்னார். பஸ் நேரத்தை மாற்றச் சொல்லியும் மனு மேல் மனு போட்டார். அது நடக்கவே இல்லை.

பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டால் எங்களுக்கு வேலை தொடங்கும். சித்திரை, வைகாசி முகூர்த்தம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைப்பு வரும், மண்டபத்துக்கு ஓடுவோம். பெண்ணுக்குப் பத்தொன்பது ஆகிவிட்டது என்று ஜாதகத்தை எடுத்து நீட்டுவார்கள். பள்ளிச் சான்றிதழில் பதினைந்து இருக்கும். சட்டம் முதலில் பார்க்கச் சொல்வது பள்ளிச் சான்றை. அது இல்லையென்றால் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. ஜாதகத்துக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. இதையெல்லாம் சார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

2015 மே மாதம் அப்படி ஒரு கல்யாணத்தை நான் நிறுத்தினேன். பத்தாவது எழுதிய பெண். பெற்றோர் 'பதினெட்டு முடியாமல் செய்ய மாட்டோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நானும் கடிதத்தை வாங்கிக்கொண்டு, வாழையிலையில் அவர்கள் பரிமாறிய சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மூன்றே வாரம். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கோயிலில் தாலி கட்டிவிட்டார்கள்.

சார் கோபப்படுவார் என்று நினைத்தேன். கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது பேப்பரும்மா" என்றார். பிறகு உட்கார வைத்து விளக்கினார். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டிடம் தடையாணை வாங்கியிருந்தால், அதை மீறி நடக்கும் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. தடையாணை இல்லையென்றால் அந்தக் கல்யாணம் தானாக ரத்தாகாது. அந்தப் பெண்ணே நீதிமன்றத்துக்குப் போய் ரத்து செய்யச் சொல்ல வேண்டும். பதினெட்டு முடிந்து இரண்டு வருஷம் வரைக்கும் அவகாசம் உண்டு. நான் அரை நாள் சோம்பல்பட்டதற்கு அந்தப் பெண் நாலு வருஷம் அலைந்தாள். விடுதியில் தங்கி மேலே படித்தாள், 2019-இல் ரத்து ஆணையும் வாங்கினாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சார் கூடப் போனார். நானும் போனேன், அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு வர ரொம்ப நாளாயிற்று.

குழந்தைகள் இல்லத்துப் பையன்களுக்கு அவர் வேறு மாதிரி. இல்லத்தில் வளரும் பிள்ளை பதினெட்டு முடிந்தால் வெளியேற வேண்டும். இருபத்தொரு வயது வரை பின்தொடர் கவனிப்புக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற பையனிடம் வீட்டுக்காரர் கேட்பது சட்டத்தை இல்லை, "யார் வீட்டுப் பையன்? அப்பா நம்பர் குடு." சார் தன் நம்பரைக் கொடுக்கச் சொல்லியிருந்தார். ஒரு பையனுக்கு இல்லை, பத்துப் பதினைந்து பேருக்கு. வாடகை தள்ளிப்போனால் வீட்டுக்காரர்கள் சாரைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். குழு நடந்துகொண்டிருக்கும்போதே போனை எடுத்து, "ஆமாங்க, என் பையன்தாங்க, திங்கக்கிழமை குடுத்துருவான்" என்பார். வைத்துவிட்டு அந்தப் பையனைக் கூப்பிடுவார். "டேய், என் மானத்த வாங்கறதுக்குன்னே பொறந்தியா?" முதல் நிலை மாஜிஸ்திரேட்டுக்குரிய அதிகாரம் கொண்ட குழு அது. அதன் தலைவர் முந்நூறு ரூபாய் கரண்ட் பில்லுக்கு யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருப்பார்.

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாத விஷயமும் உண்டு. காதலித்து ஓடிப்போய்ப் பிடிபடும் பதினேழு வயசுப் பிள்ளைகள் விஷயத்தில் அவர் கல்லாக இருப்பார். பதினெட்டுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே போக்சோவில் கிடையாது, நாம் யார் மாற்ற என்பார். அந்தப் பையனின் வாழ்க்கை போகிறதே என்று நான் கத்தியிருக்கிறேன். இன்றும் எனக்கு அவர் சொன்னது முழுச் சரி என்று தோன்றவில்லை. காலை ஆறு மணிக்கு போன் செய்வதையும் அவர் கடைசிவரை விடவில்லை.

பெண் பணியாளர்கள் விஷயத்தில் மட்டும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஐந்தரை ஆனதும் சுற்றிப் பார்ப்பார். "பஸ் இருக்கறவங்க கிளம்புங்கம்மா. மீட்டிங் எங்கயும் ஓடிப்போகாது." மேலதிகாரி பேசிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். அவர் சொன்ன பிறகும் எழுந்துபோக நாங்கள்தான் கூச்சப்படுவோம்.

படத்திறப்பில் என் முதல் அறிக்கையின் அந்த அஞ்செட்டிப் பெண் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இப்போது செவிலியர். மேடையில் பெரிய மனிதர் ஒருவர் சாரின் தியாகத்தைப் பற்றி முக்கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். சாரைப் பார்த்ததே இல்லை போலிருந்தது. இன்னும் மூன்று பேர் பாக்கி. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் எல்லார் கண்ணிலும் படும்படி எழுந்தாள். பேசியவர் ஒரு நொடி நிறுத்தினார்.

"அக்கா, நான் கிளம்பறேன். இப்ப ராயக்கோட்டை வழியா போற பஸ்ஸ புடிச்சாத்தான் அஞ்செட்டி பஸ் கெடைக்கும்."

நானும் பையை எடுத்துக்கொண்டு அவளோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.