லிசாவெதாவின் பெயர்

தஸ்தாயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ 1866இல் வெளிவந்தது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் நாயகன் ரஸ்கோல்னிகோவின் மனச்சாட்சியைப் பற்றியே எழுதுகிறார்கள். அவன் கொன்ற இருவரில் இரண்டாமவளான லிசாவெதாவைப் பற்றி ஓரிரு வரிகளோடு கடந்துவிடுகிறார்கள். போரைக் கண்ட இலங்கையின் வன்னியிலிருந்து படிக்கும் எனக்கு, அந்த நாவலின் அறம் முழுவதும் அவளிடத்தில்தான் இருக்கிறது.

முதலில் கொல்லப்படும் அடகுக்காரக் கிழவி அல்யோனா இவானோவ்னாவை வெறுப்பது நமக்குச் சுலபம். தகப்பனின் பழைய வெள்ளிக் கடிகாரத்துக்கு நான்கு ரூபிள் கேட்கும் ரஸ்கோல்னிகோவிடம் ஒன்றரை ரூபிள்தான் என்று சொல்லி, அதற்கான வட்டியையும் பழைய கடனின் வட்டியையும் முற்கூட்டியே கழித்துக்கொண்டு, 1 ரூபிள் 15 கோபெக்கை மட்டும் கையில் கொடுக்கிறாள். காலபோக நெல் விதைப்புக்குத் தாலிக்கொடியை அடகு வைத்தும், ஒரு நுண்கடனை அடைக்க இன்னொரு நுண்கடன் எடுத்தும் பழகிப்போன ஊர்களில் இதைப் படிக்கும் எவருக்கும் வயிறெரியும். இவள் ஒருத்தி செத்தால் நூறு பேர் பிழைப்பார்கள் என்று மதுக்கடையில் ஒரு மாணவன் போடும் கணக்கும் சரியென்றே படத் தொடங்கும். ஆசிரியர் வேண்டுமென்றேதான் நம்மை அதுவரை கூட்டிச்செல்கிறார்.

கிழவியை ரஸ்கோல்னிகோவ் கொன்றுவிட்ட அப்போதுதான் அவளுடைய தங்கை லிசாவெதா வீட்டுக்குள் வருகிறாள். அக்காவிடம் அடிவாங்கி அடிமைபோல உழைத்த அந்த அப்பாவி, கோடரி தலைக்கு மேல் உயர்ந்தபோதும் முகத்தை மறைத்துக்கொள்ளாமல், வெறும் இடக்கையை மெல்ல முன்னே நீட்டுகிறாள். அந்தக் கணக்கில் அவளுக்கு இடமே இருக்கவில்லை. இடையில் வந்து அகப்பட்டவரின் சாவுக்கு எந்தக் கொள்கையிடமும் நியாயம் இல்லை என்பதை எங்கள் மண்ணில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அவளைத் தான் கொல்லவேயில்லை என்பதுபோல ஏன் அவளை நினைப்பதேயில்லை என்று பின்னர் ரஸ்கோல்னிகோவே வியக்கிறான். நாவலில் என்னை மிகவும் நடுங்க வைத்த இடம் இதுவே. கிழவியைப் பற்றி வாதாட அவனிடம் ஒரு கொள்கை இருக்கிறது. லிசாவெதாவைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை, ஆகையால் மறந்துவிடுகிறான். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, 2009இல் போரின் கடைசி மாதங்களில் முல்லைத்தீவின் மாத்தளனில் ஷெல் விழுந்துகொண்டிருந்த பொழுது, பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் இருந்த பிள்ளையைத் தம் பங்கருக்குள் கூப்பிடாமல் விட்டதை இன்றும் சொல்லி அழுவார். அவர் யாரையும் கொன்றவர் அல்லர்.

வைக்கோல் சந்தைச் சதுக்கத்தில் மண்டியிட்டு மண்ணை முத்தமிடும்போது ரஸ்கோல்னிகோவால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. காவல் நிலையத்தில்தான் சொல்கிறான்: கிழவியையும் அவளுடைய தங்கை லிசாவெதாவையும் கோடரியால் கொன்று கொள்ளையடித்தவன் நானே என்று. அந்த வாக்கியத்தில் கிழவியின் பெயர் இல்லை. லிசாவெதாவின் பெயர் மட்டுமே இருக்கிறது. அதனால் அவன் உடனே திருந்திவிடவுமில்லை. எட்டு ஆண்டுத் தண்டனை பெற்று சைபீரியா சென்ற பிறகும் நெடுநாள் அவனுக்குக் கழிவிரக்கமே வருவதில்லை. ஆனால் அந்த வாக்குமூலம் இல்லாமல் பின்னால் வரும் மாற்றம் எதுவும் தொடங்கியிருக்காது என்றே நான் நம்புகிறேன். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், கணக்கில் வராமல் செத்தவர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கும் அப்படியொரு வாக்குமூலத்தைத்தான் நாங்களும் கேட்கிறோம்.