சவுக்கு வெட்டிய நிலத்தில் காடு

வானூர் பக்கம் எங்களுக்கு இருப்பது செம்மண் நிலம். அப்பா காலத்திலிருந்து சவுக்கு போட்டு வெட்டி, போட்டு வெட்டி வந்த இடம். அதைக் காடாக்கப் போகிறோம் என்றதும் எல்லாரும் மரப் பட்டியல்தான் கேட்கிறார்கள். எனக்கோ மண்ணுக்குள் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் முதல் கவலை.

சவுக்கின் பக்கவேரைத் தோண்டினால் பவளக்கொத்து மாதிரி முடிச்சுகள் இருக்கும். உள்ளே இருப்பது ஃபிராங்கியா. காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்து மரத்துக்குக் கொடுக்கும் நுண்ணுயிர். புங்கனிலும் முடிச்சு உண்டு, ஆனால் அதில் வாழ்வது ரைசோபியம் வகை. நகத்தால் கிள்ளிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இந்தக் கரையோரக் காட்டுக்கே உரிய காசா, வீரை, பாலை மரங்களுக்கோ முடிச்சே கிடையாது. அவற்றுக்குத் துணை வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை. செம்மண்ணில் உள்ள இரும்பு, மணிச்சத்தை (பாஸ்பரஸை) இறுகப் பிடித்து வைத்திருக்கும். வேர் எட்டாத சந்துகளில் பூஞ்சை இழை நுழைந்து அதை எடுத்து வரும். கூலியாக மரம் சர்க்கரை தரும். மரத்தை மாற்றினால் கீழே இருக்கிற கூட்டமும் மாற வேண்டும். அது தானாக வந்துவிடும் என்று நம்பிக் கன்று நடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மரம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதும் இல்லை. வட, தென் அமெரிக்காவில் 98 இடங்களின் மண்ணை ஒப்பிட்டு 2006-இல் வந்த ஆய்வில், பாக்டீரியாக்களின் பன்மையைத் தீர்மானித்ததில் முதலிடம் மண்ணின் பி.எச். அளவுக்குத்தான் (மண் புளிப்பா காரமா என்று காட்டும் எண்), வெயிலும் மழையும் அதற்குப் பிறகுதான். மண் பரிசோதனைச் சீட்டு வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

அடுத்தது ஈரம். அதைக் காப்பது சருகு. சவுக்கு ஊசி மெதுவாக மக்கும், துரிஞ்சி இலை சீக்கிரம் மக்கும். இரண்டும் கலந்து கிடந்தால் நல்லது. வேலைக்கு வருகிற அம்மா, "கூட்டிக் கொளுத்திடலாங்க்கா, பாம்பு அடையும்" என்கிறார். நடைபாதையை மட்டும் கூட்டச் சொல்லிவிட்டேன். வெற்று மண் சித்திரை வெயிலில் காயும்போது அங்குள்ள உயிர்களில் பல செத்துப்போகும், பல உறங்கிவிடும்.

நெதர்லாந்தில் பயிர் செய்து ஓய்ந்த நிலத்தில் ஒரு சோதனை செய்தார்கள். புல்வெளி மண்ணை ஒரு பகுதியிலும் புதர்நில மண்ணை இன்னொரு பகுதியிலும் மெல்லிசாகப் பரப்பினார்கள். ஆறு வருடத்தில் ஒரே நிலம் இரண்டு திசையில் போயிருந்தது: ஒரு பகுதியின் செடிகள் புல்வெளியை நோக்கி, மறு பகுதியின் செடிகள் புதர்நிலத்தை நோக்கி. முடிவுகள் 2016-இல் வெளியாயின. மேல்மண்ணை நீக்கிய இடங்களில் வித்தியாசம் இன்னும் தெளிவாக இருந்தது.

அதனால்தான் காட்டுக்கு அசோஸ்பைரில்லம் என்கிற பாக்டீரியா உரப் பாக்கெட் வாங்க எனக்கு மனமில்லை. நெல்லுக்கு அது சரி. காசாவுக்குத் தேவை காசாவோடு வாழ்ந்த மண். கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் அது நிறைய இருக்கிறது, ஆனால் அங்கே ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது. மிச்சமிருக்கிற காடே அவ்வளவுதான். எங்கள் வேலியோரம் வெட்டுப்படாமல் தப்பிய காசாப் புதர்கள் இருக்கின்றன. அவற்றின் அடியில் சருகை விலக்கி, மேல் மண்ணை மட்டும் கொஞ்சமாக எடுத்து, ஐப்பசி நடவில் குழிக்கு ஒரு பிடி போடப் போகிறோம். ஒரு வரிசைக்குப் போட்டு அடுத்த வரிசைக்கு விட்டுவிடுவோம். அப்போதுதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பக்கத்துக் கொல்லைக்காரர்களும் வந்து பார்க்கட்டும்.