பேக்ஸ்ட்ரோக் ஸ்டார்ட்: பயிற்சி நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக்கில் நீரில் இருந்தபடியே, பிளாக்கின் (புறப்பாட்டு மேடையின்) கைப்பிடியைப் பிடித்து, சுவரில் பாதம் ஊன்றிப் புறப்பட வேண்டும். அப்போது கால் வழுக்கினால் எல்லோரும் சுவரைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் உட்காரும் விதத்தில் இருக்கிறது. ‘டேக் யுவர் மார்க்ஸ்’ (தயாராகச் சொல்லும் கட்டளை) கேட்டதும் கைப்பிடியை இழுத்து, மார்பைப் பிளாக்கோடு ஒட்டி, இடுப்பைக் குதிகாலுக்கு மேல் கொண்டுவந்து சுருண்டுவிடுகிறார்கள். அங்கிருந்து உதைத்தால் விசை சுவருக்குள் போகாமல் கீழே போகிறது. பாதமும் கூடவே இறங்கிவிடுகிறது. குதிகாலுக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, முழங்கால் 90 பாகைக்குப் பக்கத்தில்: இப்படி இருந்தால் உதை சுவரில் நேராக விழும். லெட்ஜ் (பாதம் சரியாமல் தாங்கச் சுவரில் தொங்கவிடும் பலகை) இல்லாத குளமானால் ஒரு பாதத்தை மற்றதைவிடச் சற்றுக் கீழே வைத்தால் பிடிப்பு கூடும்.

ஜூன் 5, வியாழன்

இன்று லெட்ஜ் மாட்டினோம். 65 செ.மீ. அகலம், 10 பாகை சரிவு. நீர்மட்டத்துக்கு 4 செ.மீ. மேலோ கீழோ நகர்த்தலாம். ஒலிம்பிக்கில் 2016 ரியோவில்தான் முதலில் வந்தது. இரு பாதங்களின் விரல்களும் சுவரையோ டச்பேடின் (நேரம் பதியச் சுவரில் மாட்டும் தட்டின்) முகப்பையோ தொட்டிருக்க வேண்டும். டச்பேடின் மேல்விளிம்பில் விரலை மடக்கக் கூடாது.

வழுக்கல் நின்றதும் வேறு தொல்லை. பலகை கிடைத்த தெம்பில் மேல்நோக்கிக் குதித்து, முதுகு ‘பட்’டென்று நீரில் அறைய விழுகிறார்கள். பலகை பாதம் சரியாமல் தாங்கத்தான்; தள்ள வேண்டியது சுவரை.

ஜூன் 9, திங்கள்

வரிசைதான் எல்லாம். சிக்னல் கேட்டதும் கை கைப்பிடியைத் தள்ள, தலை பின்னால் போய்க் கண் எதிர்முனையைத் தேட வேண்டும். கால் நீள்வது கடைசியில். கால் முந்தினால் முதுகு வளையவே நேரமிருக்காது. கையைப் பக்கவாட்டில் வீசுவதா மேலாக வீசுவதா என்று மணிக்கணக்கில் வாதாடலாம். கால் சுவரை விடும்போது கை தலைக்குப் பின்னால் இருந்தால் எனக்குப் போதும்.

இடுப்பு உயர்கிறதா என்று பார்க்க ஒரு நூடுல் மிதவையை (நீளமான நுரைக் குழாயை)ச் சுவருக்கு அரை மீட்டர் தள்ளி, நீர்மட்டத்தில் குறுக்கே தளர்வாகப் பிடித்தோம். அது முதுகில் இடித்தால் புறப்பாடே தாழ்வு. தொடையில் இடித்தால் வளைவு பாதியில் கலைகிறது. கெண்டைக்காலில் மட்டும் உரசினால் கிட்டத்தட்ட சரி: நீரில் நுழையும்போது பாதத்தை மேலே வீசச் சொன்னாலே தீரும். விரல்நுனி நீரில் திறந்த ஓட்டை வழியாகவே தலையும் இடுப்பும் காலும் நுழைய வேண்டும். ஆழமில்லாத முனையில் இதைச் செய்யவே கூடாது.

ஜூன் 12, வியாழன்

நுழைந்தபின் வளைவை அப்படியே வைத்திருந்தால் உடல் ஆழத்துக்குப் போய்விடும். பாதம் மறைந்த கணமே வளைவை விட்டு உடலை நேராக்கி டால்பின் கிக் (இரு கால்களையும் சேர்த்து அலைபோல உதைப்பது) தொடங்க வேண்டும். மூக்கால் மெல்ல மூச்சு விடாவிட்டால் தண்ணீர் ஏறும், பாதி பேர் அதனால்தான் அவசரமாக மேலே வருகிறார்கள்.

1988 சியோல் ஒலிம்பிக் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் சுமார் 35 மீட்டர் நீருக்கடியிலேயே போனார், தகுதிச்சுற்றில் 54.51 வினாடி, உலக சாதனை. இறுதியில் தங்கம் ஜப்பானின் டைச்சி சுசுகிக்கு. அந்த ஒலிம்பிக்குக்குப் பிறகே நீருக்கடியில் போகும் தூரத்துக்கு வரம்பு வந்தது: முதலில் 10 மீட்டர், பின்னர் 15. அந்த 15 மீட்டர் குறிக்குள் தலை மேலே வந்தாக வேண்டும். வேகம் குறைவதற்கு ஒரு கிக் முன்பே எழுந்துவிடுவது நல்லது. 12 மீட்டரிலேயே தளர்பவர் 15 வரை இழுப்பதில் லாபமில்லை.