கடைசி இலக்கத்துச் சண்டைகள்

கட்டடங்களின் தூண், உத்தரம், சுமை எல்லாவற்றையும் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது. அதில் உள்ள எண்கள் அத்தனையும் மிதவைப் புள்ளி எண்கள்: குறி, இலக்கங்கள், அடுக்கு என்று பிரித்து, குறிப்பிட்ட இலக்கங்கள் வரை மட்டும் கணினி தோராயமாக வைத்துக்கொள்ளும் எண்கள். அலுவலகப் பேச்சில் ஃப்ளோட், டபுள். வாடிக்கையாளர் புகார்களில் ஒரு வகைக்கு ‘கடைசி இலக்கத்துச் சண்டை’ என்று பெயர் வைத்திருந்தோம். பழைய மெஷினில் 12.4071 வந்தது, புதியதில் 12.4072 வருகிறது, எது சரி என்று கேட்பார்கள். பெரும்பாலும் இரண்டுமே சரியில்லை. அதை வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் வேலையின் கடினமான பகுதி.

தொண்ணூறுகளின் நடுவில் சேர்ந்த புதிதில் எனக்குத் தரப்பட்ட வேலை, டெக் நிறுவனத்தின் வேக்ஸ் மெஷினில் இருந்த பழைய கோப்புகளைச் சன் நிறுவனத்தின் வொர்க்ஸ்டேஷனுக்குக் கொண்டுவருவது. டேப்பிலிருந்து அப்படியே படித்தால் எல்லாம் குப்பை. வேக்ஸ் ஓர் எண்ணை 16 பிட் துண்டுகளாக வைக்கும், துண்டுக்குள் பைட்டுகள் தலைகீழ். இரண்டிரண்டு பைட்டாக இடம் மாற்றியதும் எண்கள் எண்களாகத் தெரிந்தன. ஆனால் 6 மீட்டர் உத்தரம் 24 மீட்டராக நீண்டிருந்தது. எதைப் பார்த்தாலும் துல்லியமாக நாலு மடங்கு. சுழி மட்டும் சுழியாகவே இருந்தது.

சீனியர் ஒருவர் தாளை இழுத்துப் போட்டுக் காட்டினார். இரண்டிலும் 32 பிட்தான்: குறிக்கு 1, அடுக்குக்கு 8, பின்னத்துக்கு 23. ஆனால் வேக்ஸ் அடுக்கிலிருந்து 128-ஐக் கழிக்கும், ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கம் மிதவைப் புள்ளி எண்களுக்கு வகுத்த 754 தரத்தைப் பின்பற்றும் சன் 127-ஐக் கழிக்கும். அதில் ஓர் இரட்டிப்பு. வேக்ஸில் இருமப் புள்ளி முதல் 1-க்கு முன்னால் இருக்கும், சன்னில் பின்னால். அதில் இன்னோர் இரட்டிப்பு. 1.0 என்ற எண்ணின் முதல் 16 பிட், பதினாறடிமானத்தில் எழுதினால், வேக்ஸில் 4080. அதே 4080 சன்னுக்கு 4.0. “நாலால வகுத்துடு தம்பி, முடிஞ்சுது” என்றார்.

முடிந்ததுதான், மிகமிகச் சின்ன எண்களைத் தவிர. வேக்ஸ் வைத்திருக்கக்கூடிய மிகச் சிறிய எண் 2-இன் மைனஸ் 128-ஆம் அடுக்கு. 754-இல் சாதாரண எண்கள் மைனஸ் 126-இலேயே நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பது சப்நார்மல் என்ற தனிப் பகுதி. அங்கே கீழே இறங்க இறங்க இலக்கங்கள் ஒவ்வொன்றாகக் குறையும். எங்கள் உத்தரங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்தப் பகுதிக்காகத்தான் தரக் குழுவே சில வருடங்கள் இரண்டு பட்டது என்று பிறகு படித்தபோது, அந்தத் தாள் நினைவுக்கு வந்தது.

தரம் வருவதற்கு முந்தைய நிலைமையை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். 1964-இல் வந்த ஐபிஎம் 360 இரண்டுக்குப் பதில் பதினாறை அடிமானமாக வைத்துக்கொண்டது. அதன் இரட்டைத் துல்லியக் (64 பிட்) கழித்தலில் காப்பு இலக்கம், அதாவது கணக்கின் நடுவே ஓரத்தில் எதுவும் தொலையாமல் காக்கும் ஒரு கூடுதல் இலக்கம், இல்லாமல் விட்டு, பயனர்கள் கொதித்தெழுந்த பிறகு, விற்ற மெஷின்களை இருக்கும் இடத்துக்கே போய்த் திருத்திக் கொடுத்தது. சிடிசி 6600 என்ற அந்தக் காலத்துப் பெரிய கணினியில் சில எண்கள் கூட்டும்போது சுழி இல்லை, பெருக்கினால் சுழி! எங்கள் பழைய ஃபோர்ட்ரான் நிரலிலும் அந்தக் காலத்துத் தழும்பு ஒன்று இருந்தது. 1.0 - X என்று எழுத வேண்டிய இடத்தில் யாரோ (0.5 - X) + 0.5 என்று எழுதியிருந்தார்கள். “சார், இது என்ன கிறுக்குத்தனம்? சுத்தம் பண்ணிடவா?” என்று ஒரு பையன் கேட்டான். காப்பு இலக்கம் இல்லாத மெஷினில் X ஒன்றுக்கு மிக நெருக்கமாக இருந்தால், நேராகக் கழிக்கும்போது X-இன் கடைசி பிட் தொலைந்து விடை இரண்டு மடங்காகக்கூட ஆகும். 0.5-இலிருந்து கழித்துவிட்டு மறுபடி 0.5-ஐக் கூட்டினால் தப்பிக்கலாம். கிரே சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் இந்தத் தந்திரம் தேவைப்பட்டது. எழுதியவர் கிறுக்கர் இல்லை, அடிபட்டவர்.

1976-இல் இன்டெல் ஒரு கணிதச் சிப் செய்யக் கிளம்பியது. அங்கிருந்த ஜான் பாமர், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வில்லியம் கஹானை ஆலோசகராக அழைத்தார். மறு வருடம் ஐஇஇஇ குழு கூடத் தொடங்கியதும் கஹான், தன் மாணவர் ஜெரோம் கூனன், ஹெரால்ட் ஸ்டோன் இருவருடன் சேர்ந்து ஒரு வரைவைக் கொடுத்தார். எதிர்ப்பக்கம் வேக்ஸைச் செய்த டெக் நிறுவனம். வேக்ஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் வடிவத்தையே தரமாக்குங்கள் என்றார்கள். நியாயமான கோரிக்கைதான்.

சண்டை முற்றியது சப்நார்மலில். வேக்ஸ் வழியில், எண் மிகச் சிறியதாகிவிட்டால் சுழி என்று போட்டுவிடுவார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அதில் என்ன தப்பு? ஆனால் 32 பிட் எண்களில் அப்படிச் செய்தால், கடைசி எண்ணுக்கும் சுழிக்கும் நடுவே உள்ள பள்ளம், அதற்குச் சற்று மேலே அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் போல ஏறக்குறைய 84 லட்சம் மடங்கு. சின்னச் சின்னப் படிகளாக இறங்கி வந்து கடைசிப் படியில் மாடியிலிருந்து குதிப்பது மாதிரி. விளைவு, X-உம் Y-உம் வேறு வேறு என்று சோதித்துவிட்டு X - Y-ஆல் வகுத்தாலும் வகு எண் சுழியாக இருக்கலாம். சப்நார்மல் இருந்தால் அது நடக்காது: X-உம் Y-உம் வேறு என்றால் கழித்தால் சுழி வரவே வராது. கணக்கு நிரல் எழுதுகிறவனுக்கு இந்த ஒரு உத்தரவாதம் போதும், நான் கஹான் கட்சி.

இது வன்பொருளை மெதுவாக்கும் என்பது டெக் தரப்பு வாதம். பெர்க்லி மாணவர் ஜார்ஜ் டெய்லர், வேக்ஸ் மெஷின் ஒன்றின் போர்டுகளைக் கழற்றிவிட்டுப் புது வரைவுப்படி தான் செய்த போர்டுகளை மாட்டி, முடியும் என்று காட்டினார். பிறகு டெக், பிழை ஆய்வில் பெயர் பெற்ற ஜி. டபிள்யூ. ஸ்டூவர்ட்டிடம் இதை ஆராயச் சொன்னது. 1981-இல் அவர் வந்து, மொத்தத்தில் சப்நார்மல் வழியே சரி என்று சொல்லிவிட்டார். கூலி கொடுத்தவருக்கு எதிராகத் தீர்ப்பு! தரம் முறைப்படி வெளிவந்தது 1985-இல். அதற்கு ஐந்து வருடம் முன்பே இன்டெல் 8087 சிப் அந்த வரைவை ஒட்டிச் சந்தைக்கு வந்துவிட்டது. 1992-இல் வந்த டெக்கின் ஆல்ஃபா சிப், வேக்ஸ் வடிவம், ஐஇஇஇ வடிவம் இரண்டையும் பேசியது.

இனிக் கடைசி இலக்கத்துச் சண்டை ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. ஒரு கூட்டலோ ஒரு பெருக்கலோ எப்படி முழுமையாக்கப்பட (இருக்கும் பிட்களுக்குள் அடங்குமாறு அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றப்பட) வேண்டும் என்பதை 754 தரம் கடைசி பிட் வரை கட்டிப்போட்டது. பல கணக்குகள் சேர்ந்த ஒரு கோவையைக் கம்பைலர், அதாவது நிரலை மெஷின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள், எப்படிப் பிரித்துச் சேர்க்கிறது என்பதை அப்படிக் கட்டிப்போடவில்லை. 8087-இன் வழிவந்த சிப்களில் உள்ளே எண்ணைப் பிடித்து வைக்கும் ரெஜிஸ்டர் 80 பிட், நினைவகத்தில் எழுதினால் 64. அதனால் பிழை தேட ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்தால் எண் நினைவகத்துக்குப் போய்ச் சுருங்கி விடை மாறும், எடுத்தால் பழையபடி வரும். அந்தக் காலத்தில் பேய் பிடித்த ப்ரோகிராம் என்றுதான் பேசிக்கொள்வோம்.

அண்மையில் சர்வர்களை ஏஆர்எம் சிப்புக்கு மாற்றியபோது வந்தது இன்னொன்று. சாய்வான உறுப்பின் கிடை நீளத்தை, நீளத்தின் வர்க்கத்திலிருந்து உயரத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்துக் கணக்கிடும் ஒரு பழைய வரி. செங்குத்துத் தூணுக்கு நீளமும் உயரமும் ஒன்று, விடை சுழி. பல வருடங்களாகச் சுழிதான் வந்தது. புது சர்வரில் சில தூண்களுக்கு ‘நேன்’, அதாவது எண்ணே இல்லை என்று வந்தது. ஏஆர்எம் சிப் தப்பு என்று குழுவில் பாதிப் பேர் முடிவே கட்டிவிட்டார்கள்.

எஃப்எம்ஏ என்று ஒரு கட்டளை உண்டு: பெருக்கிக் கூட்டுவதை ஒரே மூச்சில் செய்து, ஒரே ஒரு முறை முழுமையாக்கும். 1990-இல் ஐபிஎம் ஆர்எஸ்/6000-இல் வந்தது, 2008 திருத்தத்தில் தரத்துக்குள் நுழைந்தது. எங்கள் பழைய பில்டில் (நிரலிலிருந்து தயாரித்த பதிப்பில்) அது இல்லை. ஏஆர்எம்மில் கம்பைலர் கேட்காமலே போட்டிருந்தது. இரண்டு வர்க்கங்களில் ஒன்று முழுமையாக்கப்படாமல் துல்லியமாக இருக்கும், மற்றது முழுமையாக்கப்பட்டிருக்கும். நீளம், உயரம் இரண்டும் 0.1 என்றால் வித்தியாசம் சுழி இல்லை; 10-இன் மைனஸ் 18-ஆம் அடுக்கைவிடச் சற்றுச் சிறியது. எந்த வர்க்கம் துல்லியமானது என்பதைப் பொறுத்து அது மைனஸில் விழலாம். மைனஸுக்கு வர்க்கமூலம் எடுத்தால் நேன். ஒவ்வொரு கட்டளையும் தரத்தின்படி சரி. எஃப்எம்ஏ கூடுதல் துல்லியமும்கூட.

அந்த வரியில் வர்க்கங்களைக் கழிப்பதற்குப் பதில், நீளம், உயரம் இரண்டின் கூட்டுத்தொகையை அவற்றின் வித்தியாசத்தால் பெருக்குவதாக மாற்றி எழுதினோம். இரண்டும் சமமானால் வித்தியாசம் கட்டாயம் சுழி, சிப் எதுவானாலும். மற்ற இடங்களில் எஃப்எம்ஏ அப்படியே இருக்கட்டும் என்று நான் வாதாடினேன். பழைய விடைகளோடு பிட் பிட்டாக ஒத்துப்போக வேண்டும் என்று வாடிக்கையாளர் தரப்புத் தணிக்கையாளர் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் அவர்களுக்கு மட்டும் எஃப்எம்ஏ அணைத்த ஒரு தனி பில்ட் போகிறது. கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். அதற்கும் ஒரு புகார் வந்திருக்கிறது.