கப் வைக்கப் போகிறவர்கள் கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பதினொரு மணி இருக்கும், அம்மா கூப்பிட்ட சத்தத்தில் எழும்பி ஓடினேன். அப்பா படுத்திருந்த பாயில் இரத்தம். முதுகில் ஒட்டியிருந்த பஞ்செல்லாம் ஊறி, பெனியன் நனைந்து, பாயிலும் இறங்கியிருந்தது. பின்னேரம் எங்களிடம் ஒரு சொல் சொல்லாமல் போய்க் கப் வைத்துவிட்டு வந்திருக்கிறார். தோலில் கப்பைக் கவிழ்த்துக் காற்றை இழுத்து வலிக்குச் செய்கிற வைத்தியம்தான் கப் வைப்பது. அதுவும் இது தோலைக் கீறி இரத்தம் எடுக்கிற கப்.

அப்பாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். இந்தக் கப் கதையை வீட்டுக்குள் கொண்டு வந்தவனே நான்தான்.

எனக்குக் கடையில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. வலது பக்கம் கழுத்தில் தொடங்கித் தோள்மூட்டு வரைக்கும் பிடித்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் திரும்பிப் பார்க்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது. ஒரு நண்பன், "மச்சான், ஒருக்கா கிண்ணியாவுக்கு வா, எங்கட நானா ஒருவர் நல்லாச் செய்வார்" என்று கூட்டிப் போனான். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். 2009இல் பாலம் திறந்த பிறகு கிண்ணியா திருகோணமலைப் பக்கத்து எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரித்தான், முந்தி என்றால் ஆட்களை ஏற்றி இறக்குகிற பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும்.

நானா என்னைக் கட்டிலில் ஏற்றுவதற்கு முன் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்தால் அவர் மேல் மரியாதை கூடுகிறது. சீனி வருத்தம் இருக்கா, பிரஷர் இருக்கா, இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது குளிசை போடுகிறீர்களா, காலையில் சாப்பிட்டீர்களா. எல்லாம் கேட்ட பிறகுதான் எண்ணெய் பூசினார். எனக்குக் கீறல் இல்லை, வெறும் கப் மட்டும். பிளாஸ்டிக் கப்பை வைத்துக் கைப்பம்பால் காற்றை இழுக்க, தோலும் சதையும் உள்ளே எழும்பி வந்தன. நோவு என்று சொல்ல முடியாது, யாரோ பிடித்து இறுக்கி இழுக்கிற மாதிரி ஓர் உணர்வு. பத்து நிமிடம் அப்படியே கிடந்தேன். அன்றிரவு கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது. வட்ட வட்டமாகக் கறுத்த அடையாளங்கள் போக ஒன்பது நாள் எடுத்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் உலகமே பார்த்தது இதே வட்டங்களைத்தான். அது ஒரு கண்டல் காயம்: இழுவையில் தோலுக்குக் கீழே உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைந்து கசிந்தால் வருவது.

சுகம் வந்த சந்தோஷத்தில் வீட்டில் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் முப்பது வருடம் கரைவலை இழுத்தவர், நாரிப்பிடிப்பு, அதாவது இடுப்புப் பிடிப்பு, அவருக்குப் பழைய சொத்து. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சு வருத்தம் வந்து ஸ்டென்ட், அதாவது இதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாய், வைத்தவர். அன்றிலிருந்து அஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஒரு நாள் தவறாமல் போடுகிறார். மீன் வாடியில் யாரோ சொன்ன இன்னோர் இடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே வயதைக்கூடக் கேட்கவில்லையாம். ஏழு இடத்தில் பிளேட்டால் கீறிக் கப் வைத்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு குளிசையும் இரத்தத்தை உறைய வைக்கிற இரத்தத் தட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கின்றன. ஸ்டென்டுக்குள் கட்டி விழாமல் காப்பதும் அதுதான், முதுகுக் கீறல் மூடாமல் இரவு முழுக்கக் கசிய வைத்ததும் அதுதான். "அப்ப ரெண்டு நாள் குளிசையை நிப்பாட்டிப்போட்டுப் போயிருக்கலாமே" என்று மாமா கேட்டார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். தட்டுக்கள் புதிதாக உருவாகி வர ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும், அதனால் இரண்டு நாள் நிறுத்தி இந்தக் கசிவைத் தடுக்க முடியாது. ஸ்டென்ட் வைத்தவர் டொக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் அடைப்பு வந்து உயிரே போகலாம். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் அழுத்திக் கட்டுப் போட்டு விடியும் வரை வைத்திருந்தார்கள். தப்பிவிட்டார்.

அங்கே கட்டிலில் கிடந்தபடியே, "கெட்ட ரத்தம் எல்லாம் போட்டுதடா" என்றார். இந்தச் சொல்தான் எனக்குப் பயம். கப்பில் கறுப்பாகக் கட்டியாகக் கிடப்பது கெட்ட இரத்தம் இல்லை. வெளியே வந்து தேங்கிய எந்த இரத்தமும் அப்படித்தான் உறையும். உடம்பின் கழிவை அகற்றுவது ஈரலும் சிறுநீரகமும், முதுகுத் தோல் இல்லை. கழுத்து வலி, நாரி வலிக்குக் கொஞ்ச நாள் சுகம் தரும் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் அவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். சீனியைக் குறைக்கும், அடைப்பை எடுக்கும் என்று போர்டு போடுவதற்கு அது காணாது.

இதைச் சொன்னதும் நண்பன் கோபிப்பானோ என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. ஹிஜாமா என்கிற இந்தக் கப் வைத்தியம் முஸ்லிம்களுக்கு நபிமொழியில் வருகிற வைத்தியம், பிறைக் கணக்கில் 17, 19, 21 பார்த்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சித்த வைத்தியத்திலும் 32 வகைப் புற மருத்துவத்துக்குள் கீறலும் குருதி வாங்கலும் அட்டை விடலும் இருக்கின்றன. திருகோணமலையில் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே படிக்கிறார்கள். படித்துச் செய்கிறவருக்கும் பிளேட்டும் பம்பும் வாங்கிக் கடை திறந்தவருக்கும் உள்ள வித்தியாசம் வாசலில் தெரியாது. அதனால் உங்கள் குளிசைகள் எழுதியிருக்கிற கிளினிக் கொப்பியை நீங்கள்தான் காட்ட வேண்டும், நீங்கள்தான் கேட்கவும் வேண்டும். பிளேட் புதிதா, பைக்கற்றை உங்கள் கண் முன்னால் உடைக்கிறாரா, கையுறை போடுகிறாரா, முந்தினவருக்கு வைத்த கப்பையா உங்களுக்கும் வைக்கிறார். இரத்தம் பட்ட பொருளால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் தொற்றும். கர்ப்பிணிகள், இரத்தச்சோகை உள்ளவர்கள், இரத்தம் எளிதில் உறையாத வருத்தம் உள்ளவர்கள் கீறல் பக்கமே போக வேண்டாம்.

நான் அடுத்த வெள்ளி மறுபடியும் கிண்ணியா போகிறேன், தோள் திரும்பப் பிடித்திருக்கிறது. அப்பாவும் வரவா என்று கேட்டார். வெறும் கப் என்றாலும் இந்தக் குளிசைகளோடு உள்ளே கண்டிப்போகும், வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். இப்போது பின்னேரங்களில் அம்மா தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி அவருடைய நாரிக்கு ஒத்தடம் கொடுக்கிறா. கீறின இடம் ஏழும் காய்ந்துவிட்டன.