டிஎச்சிபி ரிலே: மாதிரிப் பரீட்சையில் நான் தொலைத்த 40 நிமிடங்கள்

திருகோணமலையில் நான் படித்த வலையமைப்புப் பாடநெறியின் இறுதிச் செய்முறைப் பரீட்சைக்கான வேலை, கேட்பதற்கு மிக எளியது. 192.168.10.0 சப்நெட்டில், அதாவது வலையமைப்பின் ஒரு பகுதியில், ஒரு சேர்வர். 192.168.20.0 சப்நெட்டில், இயங்குதளமே இல்லாத 6 கணினிகள். நடுவில் ஒரு சிஸ்கோ ரவுட்டர். கணினிகளை இயக்கியதும் அவை, வலையமைப்பிலிருந்தே கணினியைத் தொடக்கும் முறையான பிஎக்ஸ்இ வழியாகத் தாமாகவே லினக்ஸை நிறுவிக்கொள்ள வேண்டும். மாதிரிப் பரீட்சையில் என்னுடைய கணினி ஒன்றுகூட ஐபி முகவரி பெறவில்லை.

கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் முறைதான் டிஎச்சிபி. அதில் கணினி ஐபி கேட்கும் முதல் செய்தியான டிஸ்கவர் ஒரு பிரோட்காஸ்ட், அதாவது தன் சப்நெட்டில் எல்லோருக்கும் கேட்கப் போடும் கூவல். ரவுட்டர் அதை அடுத்த சப்நெட்டுக்கு விடாது. எங்கள் போதனாசிரியர் கிண்ணியாக்காரர்; 2009இல் பாலம் திறக்கும்வரை பாதையில் (ஆட்களைக் கரை கடத்தும் மிதவையில்) ஏறித்தான் நகரத்துக்கு வந்தவர். "இக்கரையில் நின்று கத்தினால் அக்கரைக்குக் கேட்காது, பிள்ளை. பாதைக்காரன்தான் செய்தியைக் கொண்டுபோக வேண்டும். எந்தக் கரையில் வாங்கினான் என்பதையும் அவன் சொல்ல வேண்டும்" என்றார். ரவுட்டர் செய்யும் இந்தப் பாதைக்காரன் வேலைதான் ரிலே. அந்தக் கரையின் பெயர்தான் ஜிஐஅட்ரஸ்: கணினிகள் பக்கத்தில் ரவுட்டருக்கு உள்ள முகவரி. சேர்வர் அதைப் பார்த்துத்தான் எந்த சப்நெட்டின் முகவரியைக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறது.

ஆகவே ரிலேயை இயக்கும் ஐபி ஹெல்பர்-அட்ரஸ் கட்டளையை, ரவுட்டரில் கணினிகள் இருக்கும் பக்கத்து இன்டர்ஃபேஸில் எழுத வேண்டும். நான் சேர்வர் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதில் 10 நிமிடம் போனது.

மிச்ச 30 நிமிடத்தையும் விழுங்கியது வேறொன்று. ரவுட்டரிலிருந்து சேர்வருக்கு, இணைப்பைச் சோதிக்கும் பிங் அழகாகப் போனது. அதை நம்பி ஏமாந்தேன். அந்த பிங், சேர்வர் பக்கத்தில் ரவுட்டருக்கு உள்ள 192.168.10.1 என்ற முகவரியிலிருந்து போகிறது. சேர்வருக்கு அது பக்கத்து வீடு. ஆனால் ரிலே செய்த டிஸ்கவருக்கான பதில், ரவுட்டரின் கணினிகள் பக்கத்து முகவரியான 192.168.20.1க்குத் திரும்ப வேண்டும். வேறு சப்நெட்டுகளுக்கான செய்திகளை அனுப்பும் வாயிலான சேர்வரின் இயல்புநிலை கேட்வே, இணையத்துக்கான இன்னொரு ரவுட்டரைக் காட்டியதால், பதில்கள் எல்லாம் அங்கே போய்த் தொலைந்தன. சேர்வரில், வந்துபோகும் செய்திகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓட்டி, டிஎச்சிபிக்கான 67ஆம் போர்ட்டைக் கவனித்தபோதுதான் டிஸ்கவர் வருவதும், முகவரி தரும் பதிலான ஆஃபர் புறப்படுவதும், அதே கேள்வி மறுபடி வருவதும் தெரிந்தது. 20ஆம் சப்நெட்டுக்கு 192.168.10.1 வழியாக ஒரு ரூட் (செல்லும் வழி) சேர்த்ததும் கணினிகள் முகவரி பெற்றன. அன்றிலிருந்து மூல முகவரியை 192.168.20.1 என்று கொடுக்காமல் நான் பிங் செய்வதில்லை.

திரையில் வரும் பிழை எண்ணைத் திட்டாமல் படியுங்கள். இ51 என்றால் ஆஃபரே வரவில்லை. ரிலே, ரூட், ஃபயர்வால் ஆகியவற்றைப் பாருங்கள். இ53 என்றால் முகவரி வந்துவிட்டது, பூட் கோப்பின் பெயர் வரவில்லை. ரவுட்டரை விட்டுவிட்டு சேர்வரின் அமைப்புக்குப் போங்கள். இ32 என்றால், பூட் கோப்பை அனுப்பும் டிஎஃப்டிபி பதில் தரவில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு: கேள்வி 69ஆம் போர்ட்டுக்குப் போகும், பதிலோ வேறொரு போர்ட்டிலிருந்து வரும். 69ஐ மட்டும் திறந்துவிட்டால் போதாது.

புதிய வகைத் தொடக்க மென்பொருளான யுஇஎஃப்ஐ உள்ள கணினிக்குப் பழைய பயாஸுக்கான பூட் கோப்பைக் கொடுத்தால் அது இயங்காது. சுவிட்சில், போர்ட்டை உடனே திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் இல்லாவிட்டால், வலையமைப்பில் சுழல் உண்டாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ போர்ட்டைத் திறப்பதற்குள் 30 வினாடி போய்விடும். அதற்குள் பிஎக்ஸ்இ சலித்து நின்றுவிடலாம்.

உண்மையான பரீட்சை நாளிலும் ஐபி வரவில்லை. இம்முறை நேரே சேர்வரின் லாக்கைத் திறந்தேன். "அறியாத வலையமைப்புப் பகுதி" என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி இருந்தது. 20ஆம் சப்நெட்டை டிஎச்சிபி அமைப்பில் எழுதவே மறந்திருந்தேன். திருத்த 3 நிமிடம்கூட ஆகவில்லை. 5 கணினிகள் நிறுவத் தொடங்கின. ஆறாவதற்கு மறுபடி ரிலேயையும் ரூட்டையும் லாக்கையும் குடைந்தேன். கடைசியில் பார்த்தால், அதன் கேபிள் முனை சரியாகச் செருகப்படவில்லை.